வெள்ளாடுகளுக்குத் தீவனமும் குடற்புழுத் தடுப்பும்

(கரிசல் வட்டாரமொன்றில் நடைபெற்ற ஆடு வளர்ப்போர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி என்று பேசியே பழகிவிட்ட இம்மேடையில் இன்று வெள்ளாட்டைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் வட்டாரத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பள்ளிக் கட்டணத்தையும், மருத்துவச் செலவையும், வட்டிக்காரர் வாயையும் அடைத்தது எது என்று எண்ணிப் பாருங்கள். பருத்தியன்று, மக்காச்சோளமுமன்று, கொட்டகையில் நின்ற கிடாக்குட்டியே. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள வெள்ளாடுகள் ஏறத்தாழ 14 கோடியே 89 இலட்சம். அவற்றுள் தமிழ்நாட்டில் இருந்தவை ஏறக்குறைய 99 இலட்சம். இவற்றில் பெரும்பகுதி ஐந்தும் பத்துமாக, நிலமில்லாதாரும் சிறு குடியானவரும் வளர்ப்பவை. ஆகவே ஓர் ஆடு சாவதென்பது அவ்வீட்டில் ஒரு திங்கள் வருவாய் சாவதாகும்.

முதலில் எங்கள் தவறொன்றைக் கூறிவிட்டு மேலே செல்வதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தை ஒட்டி, நாங்கள் முன்னின்று ஓர் ஊரில் குடற்புழு நீக்க முகாம் நடத்தினோம். ஒரே காலையில் ஊரிலிருந்த ஆடுகளனைத்தையும் வரிசையில் நிறுத்தி, ஒரே கேனிலிருந்து, ஒரே அளவாக மருந்து புகட்டி முடித்தோம். எடை பார்க்கவில்லை. பெரிய கிடாவுக்கும் வற்றிய பெட்டைக்கும் அதே அளவு. பதிவேட்டில் இலக்கு நூற்றுக்கு நூறு எட்டப்பட்டதாக எழுதிக் கையொப்பமிட்டோம். ஐந்து வாரம் கழித்துக் கார்த்திகை மழையில் அவ்வூரிலிருந்து ஆள் வந்தது. சென்று பார்த்தபோது, கணவனை இழந்த ஒரு மூதாட்டியின் பதினொரு ஆடுகளில் நான்கு மடிந்திருந்தன. ஐந்தாவது, தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்க, சுவரோரம் சாய்ந்து நின்றது. அம்மூதாட்டி அழவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்டார்: “மருந்து ஊத்தினதா எழுதிட்டுப் போனீங்களே ஐயா, எதுல எழுதினீங்க? ஆட்டு மேலயா, தாள் மேலயா?”

உடன் வந்திருந்த கால்நடை உதவி மருத்துவர் செத்த ஆடொன்றை அவர் கண்முன்னே அறுத்து, நான்காவது இரைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே நூல் போன்ற புழுக்கள் நெளிந்தன. ஒவ்வொன்றும் ஓரங்குல நீளமிருக்கும். இரத்தம் நிறைந்த அதன் குடலும், வெண்ணிறமான கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக் கொண்டிருப்பதால், சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் போலவே அது தோன்றும். ஆட்டின் இரத்தமோ கழனித் தண்ணீர் போல் நீர்த்திருந்தது. நாங்கள் புகட்டிய மருந்து இப்புழுக்களை அசைக்கவேயில்லை. ஏன் அசைக்கவில்லை என்பதை அன்று முதல் கேட்டும், படித்தும், மருத்துவர்களோடு நடந்து பார்த்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

இப்புழுவின் வாழ்க்கையை அறிந்தாலன்றி இதனை வெல்ல முடியாது. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவதும் கசியவிடுவதுமாக வீணாக்கும் இரத்தம் 0.05 மில்லி லிட்டர் மட்டுமே. துளியிலும் சிறு துளி. ஆனால் ஆயிரம் புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 50 மில்லி லிட்டராகிறது. இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டருக்குள்தான். ஒரே வாரத்தில் அதில் நாலிலொரு பங்கு போய்விட்டால் ஆடு எவ்வாறு நிற்கும்? இரத்தத்தோடு அதன் சத்தும் கழிந்து போவதால்தான் தாடையின் கீழ் நீர் கோக்கிறது. தாடை வீக்கத்தைக் கண்டவுடன் ‘ஏதோ கடித்துவிட்டது’ என்று மஞ்சள் பூசி விட்டுவிடுவோர் இன்னும் உளர். கடித்தது வெளியிலில்லை, உள்ளே இருக்கிறது.

பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. ஐந்நூறு பெண்புழுக்கள் உள்ள ஓராடு ஒரே நாளில் 25 இலட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு தரையில் தூவிச் செல்கிறது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்திற்குள் முட்டை பொரித்து, இளம்புழு வளர்ந்து, புல்லின் மீதுள்ள பனியீரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. மிக உயரம் ஏறுவதில்லை. பெரும்பாலானவை தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்திற்குள்ளேயே தங்கிவிடும். அப்புல்லை மேயும் ஆட்டின் வயிற்றில் புகுந்து, மூன்று வாரத்தில் தானும் முட்டையிடத் தொடங்கும். நம் கத்திரி வெயில் தரையிலுள்ள இளம்புழுக்களைக் காய்ச்சிக் கொன்றுவிடும். ஆயின் ஆட்டின் உள்ளே இருப்பவற்றை வெயில் என்ன செய்யும்? அவை கோடையைக் கடந்து, ஐப்பசியில் முதல் மழை விழுந்தவுடன், பசும்புல் முளைக்கும் அதே வாரத்தில் தம் குடியைப் பெருக்கத் தொடங்குகின்றன.

இங்கே வெள்ளாட்டின் இயல்பொன்றைக் கூற வேண்டும். வெள்ளாடு புல்லைக் கறம்பும் பிராணியன்று. குழை கடிக்கும் பிராணி. நம் நாட்டுக் கன்னியாட்டையும் கொடியாட்டையும் பாருங்கள்; உயர்ந்த காலும், நீண்ட கழுத்தும், முன்னங்காலைத் தூக்கி மரத்தில் ஊன்றி நிற்கும் நிலையும் எதற்கென்று விளங்கும். தலைக்கு மேலுள்ள இலையில் புழு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குழை தின்று வந்ததால், செம்மறியாட்டின் உடலுக்குள்ள புழு எதிர்ப்பு வன்மை வெள்ளாட்டின் உடலுக்கு வாய்க்கவில்லை. அத்தகைய பிராணியை நாம் இன்று எங்கே மேய்க்கிறோம்? காடு சுருங்கிவிட்டது, வேலிகளில் கிளுவைக்கும் முள்ளுக்கும் மாறாகக் கம்பி வந்துவிட்டது. எனவே கண்மாய் உள்வாயில் முளைக்கும் குறும்புல்லில், ஊர்ச் செம்மறிக் கிடையோடு சேர்த்து, தலையைக் குனிந்து மேயச் செய்கிறோம். அது தன் பிறவிக்கு மாறாக மேய்கிறது. நோயும் வாங்கிக் கொள்கிறது.

ஆகையால் தீவனமும் குடற்புழுவும் இரண்டு வேறு பொருள்கள் அல்ல. இதை நன்கு மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். அரைவயிறு ஆட்டுக்கு ஆயிரம் புழு எமன். அதே எண்ணிக்கையை, புரதச்சத்து குறையாமல் தின்ற ஆடு பெரும்பாலும் தாங்கி நிற்கும். இழந்த இரத்தத்தை ஈடு செய்வதும், புழுவை எதிர்ப்பதும் புரதத்தால் ஆகும் வேலைகள். மருந்துக்கு ஐம்பது ரூபாய் செலவழிக்கத் தயங்காதவர், பிண்ணாக்குக்குச் செலவழிக்க ஆயிரம் முறை எண்ணுகிறார். இது தலைகீழான கணக்கு என்பது எம் கருத்து.

மேய்ச்சலாட்டுக்குக் கைத்தீவனம் எதற்கு என்று கேட்பீர்கள். எப்பொழுதும் வேண்டாம். ஆவணி புரட்டாசியில் முள்மரங்களில் துளிர் கிடைக்கும்போதும், அறுவடை முடிந்த நிலத்தில் உளுந்தம் பொட்டும் கடலைக் கொடியும் கிடக்கும்போதும் ஆடு தானே தேறும். குறைவது இரு காலங்களில். ஒன்று, பங்குனி முதல் ஆனி வரையிலான வறட்சி. மற்றொன்று பலர் எண்ணிப் பாராதது: அடைமழைக் காலம். எங்கும் பச்சை தெரிவதால் ஆட்டுக்கு உணவு நிறைந்திருப்பதாகவே நினைக்கிறோம். ஆனால் மழை பெய்தால் ஆடு கொட்டகையை விட்டு நகராது. நாள் முழுதும் பட்டினி கிடக்கும். மழை விட்டதும் அவிழ்த்து விட்டால், பசி தாளாமல் கண்ட ஈரப்புல்லை அடியோடு கறம்பும். இளம்புழுக்கள் காத்திருப்பதும் அங்கேதான்.

இதற்கு நாங்கள் கண்ட எளிய வழி, காலையில் அவிழ்க்காமலிருப்பது. மழை நாட்களில் காலை பத்து மணி வரை, பனியும் ஈரமும் உலரும் வரை, ஆட்டைக் கொட்டகையிலேயே நிறுத்தி, முந்தின மாலை தொரட்டியால் ஒடித்து வைத்த குழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அகத்தி, வேம்பு, வாகை, கிளுவை, வெள்வேல் எதுவாயினும் நன்று. ஒன்றையே போடாமல் கலந்து போடுவது இன்னும் நன்று. கீழே போட்டால் மிதித்துச் சிறுநீர் கழித்துப் பாழாக்கும். தொங்கவிட்டால் தன் இயல்புப்படி நிமிர்ந்து தின்னும். சூபாபுல் தழை புரதம் நிறைந்தது. ஆனால் அதில் ஒரு நச்சுப் பொருள் உண்டாதலால் மொத்தத் தழையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலி மசாலைக் கிணற்றடியில் நான்கு பாத்தி விதைத்தவர்கள் ஆண்டு முழுதும் அறுக்கிறார்கள். வாடிய இளஞ்சோளப் பயிரிலும், மறுதாம்பிலும் மட்டும் ஆட்டை விடாதீர்கள். அது நிமிடக் கணக்கில் கொல்லும் நஞ்சு.

குழையோடு ஆடொன்றுக்கு நாளைக்கு 100 கிராம் கலப்புத் தீவனம் வைத்தால் போதும். பத்துக் கிலோ கலக்க, உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 4 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2½ கிலோ, தவிடு 3 கிலோ 200 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சாதாரண உப்பு 100 கிராம் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஆடு உள்ள வீட்டிற்கு மூன்று திங்களுக்கு ஆவது மொத்தம் 45 கிலோ. அதில் பாதிக்கு மேல் தானியமும் தவிடுமாக வீட்டிலேயே கிடைக்கக்கூடியவை. பிண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் உண்டு. நம் முன்னோர் உலர்த்தி வைத்த குடைவேல நெற்றை இன்று பலர் மறந்துவிட்டனர். கோடையில் உதிரும் அந்நெற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பிண்ணாக்கின் ஒரு பகுதிக்கு ஈடாகும். சீமைக்கருவேல் நெற்றையும் ஆடு விரும்பித் தின்னும். ஆனால் முழுதாகத் தின்னவிட்டால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளிவந்து நிலமெங்கும் முளைக்கும். அதை வெட்டியெறியப் பொதுப்பணம் செலவாவதையும், ஆட்டை விட்டு நாமே விதைப்பதையும் ஒருங்கே காணும்போது எங்களுக்குச் சிரிப்பும் சலிப்பும் சேர்ந்தே வருவதுண்டு. இடித்துப் போடுங்கள்.

சினையாட்டைத் தனியே கவனிக்க வேண்டும். ஐந்து மாதச் சினையில் குட்டியின் வளர்ச்சி பெரும்பகுதி கடைசி ஆறு வாரங்களில் நிகழ்கிறது. அக்காலத்தில் 200 முதல் 250 கிராம் வரை தீவனம் வேண்டும். அதற்கும் புழுவுக்கும் தொடர்புண்டு: ஈனும் காலத்தை ஒட்டித் தாயாட்டின் எதிர்ப்பு வன்மை குன்றுவதால் அதன் வயிற்றுப் புழுக்கள் மிகுந்த முட்டையிடுகின்றன; அம்முட்டைகளே குட்டி முதன்முதலாகக் கடிக்கும் புல்லை நஞ்சாக்குகின்றன. தாய்க்குப் பிண்ணாக்கு வைப்பது குட்டியின் வயிற்றைக் காப்பதுமாகும். கிடாக்குட்டிகளுக்குப் பால் மறந்தபின் 50 கிராமில் தொடங்கிச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். ஏற்றுவதில் அவசரம் கூடாது. திடீரெனத் தானியம் மிகுந்தால் வயிறு புளித்து ஆடு சாகும். துள்ளுமாரி நோயும் அப்படியே தொற்றிக்கொள்ளும். திருமண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று ஒரே இரவில் ஆறு ஆடு செத்த கதையை இங்குள்ளோர் யாவரும் அறிவீர்கள்.

இனி மருந்தைப் பற்றி. எங்கள் முகாம் ஏன் தோற்றது? இரு காரணங்களை மருத்துவர் சுட்டினார். முதலாவது, அவ்வூரில் பல ஆண்டுகளாக ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்தையே கொடுத்து வந்திருக்கிறோம். ஆல்பெண்டசோல் கொடுத்தோம், பலிக்கவில்லையென்று ஃபென்பெண்டசோலுக்கு மாற்றினோம். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்குத் தப்பிய புழு மற்றொன்றுக்கும் தப்பும். இவ்வகை மருந்துகளுக்கு அடங்காத புழுக்கள் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலேயே கண்டறியப்பட்டுள்ளன. இரண்டாவது, அளவு குறைவு. வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியின் உடலைவிட விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். ஆகவே செம்மறிக்கு எழுதிய அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. குறைந்த அளவு மருந்து வலுவற்ற புழுவை மட்டும் கொன்று, வலுத்ததை வாழவிட்டு, அதன் வமிசத்தைப் பெருக்குகிறது. அப்படியானால் இருமடங்கு ஊற்றிவிடலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். லெவாமிசோல் போன்றவற்றில் பலிக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள வெளி குறுகியது. ஆல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கருவுக்குக் கேடு. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே கூற வேண்டும். ஆட்டின் எடையை நாம் கூற வேண்டும். கண்மதிப்பு எடை எங்களை ஏமாற்றியது, உங்களையும் ஏமாற்றும்.

ஊரிலுள்ள எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து புகட்டுவது நல்லதென்றே நாங்களும் நெடுங்காலம் நம்பினோம். இப்போது அவ்வாறு நம்புவதில்லை. ஒரு மந்தையில் உள்ள புழுக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஐந்திலொரு பங்கு ஆடுகளின் வயிற்றிலேயே தங்கியிருக்கும். அவ்வாடுகளைக் கண்டுபிடித்து அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், மற்ற ஆடுகளில் மருந்தையே காணாத புழுக்கள் சில வாழும். அவை மருந்துக்கு அடங்காத புழுக்களோடு கலந்து அவற்றின் வலுவைக் குறைக்கும். சில புழுக்களை வேண்டுமென்றே விட்டு வைப்பதா என்று முதியவர் ஒருவர் கேட்டார். ஆம், வேண்டுமென்றேதான். மருந்து நாளைக்கும் பலிக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

எந்த ஆடு என்று எப்படிக் காண்பது? தென்னாப்பிரிக்காவில் செம்மறி வளர்ப்போருக்காகக் கால்நடை அறிஞர்கள் ஒரு வழி வகுத்தனர். ‘ஃபமாச்சா’ என்று பெயர். ஆட்டின் கீழிமையைத் திறந்து உட்சவ்வின் நிறத்தை ஐந்து படி கொண்ட வண்ண அட்டையோடு ஒப்பிடுவதே அது. முதற்படி நல்ல சிவப்பு. ஐந்தாம்படி காகித வெள்ளை. நாலும் ஐந்தும் ஆனால் உடனே மருந்து. மூன்றாம்படியில் குட்டியும், சினையாடும், மெலிந்ததும் இருந்தால் அவற்றுக்கும் மருந்து. ஒன்றும் இரண்டும் ஆனால் தொட வேண்டாம். மர நிழலிலன்றி வெளிச்சத்தில் நிறுத்தி, மேலிமையைக் கண்ணின் மீது மெல்ல அழுத்தி, கட்டை விரலால் கீழிமையை இழுத்தால் சவ்வு தானே பிதுங்கும். உடனே பார்க்க வேண்டும். நேரம் ஆனால் நிறம் சிவந்து ஏமாற்றிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பதினைந்து நாளுக்கொரு முறை பார்த்தல் நலம். முன்னே கூறிய மூதாட்டி இன்று அட்டையைக் கையிலெடுப்பதேயில்லை. கன்னியாட்டின் இமையைத் திறந்து, “இது வெத்தலை போட்ட வாய், போகட்டும், இது விரதம் இருந்த வாய், பிடிச்சுக் கட்டு” என்கிறார். அவர் சொன்ன ஆடுகளை மருத்துவர் அட்டையால் சரிபார்த்தார். இரண்டைத் தவிர யாவும் ஒத்திருந்தன.

ஒன்றை மறவாதீர்கள். இமை வெளுப்பது இரத்தம் குடிக்கும் புழுவுக்கே அடையாளம். கண்மாய் நத்தையிலிருந்து வரும் தட்டைப்புழுவுக்கும், குட்டிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலுக்கும் மருந்தே வேறு. புழுக்கையில் வெள்ளரி விதை போல வெள்ளைத் துண்டுகள் விழுந்தால் பலர் பதறுகிறார்கள். அந்த நாடாப்புழு கண்ணுக்குத்தான் பெரிது, கேடு சிறிது. கண்ணுக்குத் தெரியாததே கொல்கிறது. எனவே ஐயமிருந்தால் புதுப் புழுக்கையைச் சோதிக்கக் கொடுங்கள். மருந்து கொடுத்த பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் சோதித்தால், முட்டை எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கேனும் குறைந்ததா என்பது தெரியும். குறையவில்லையெனில் அம்மருந்து உங்கள் ஊரில் தோற்றுவிட்டது. அடுத்த ஆண்டும் அதையே வாங்கி ஊற்றுவது வீண். இச்சோதனையை எங்கள் முகாமுக்குப் பின் செய்திருந்தால் அந்நான்கு ஆடுகள் பிழைத்திருக்கக்கூடும்.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். சீரகம், மஞ்சள், பூண்டு, வேப்பிலை, தும்பை கலந்து அரைத்த உருண்டையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரே எடுத்துக் கூறுகின்றனர். நாங்கள் அதை இகழவில்லை. கண் சிவந்த ஆட்டுக்குக் கொடுத்து வாருங்கள். ஐந்தாம்படிக்கு வந்த ஆட்டுக்கு அதை மட்டும் கொடுத்து மூன்று நாள் காத்திருந்தால் நான்காம் நாள் ஆடு இராது. ஆடுதின்னாப்பாளையை மட்டும் யாரும் புகட்ட வேண்டாம். சிறுநீரகத்தைச் சிதைக்கும் பொருள் அதில் உண்டென்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஆடே தின்னாததை நாம் ஏன் ஊட்ட வேண்டும்?

இறுதியாக ஊராட்சிப் பெருமக்களுக்குச் சில சொல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பமொன்றுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கப்பட்டன. ஆட்டைக் கொடுத்தோம், அது கடிக்கக் குழை எங்கே என்பதை எண்ணினோமா? கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் நிழல் மரமென்று நடுவனவற்றில் பாதியேனும் வாகையும் வேம்பும் அகத்தியுமாக இருக்கலாம். நட்ட கன்றை உங்கள் ஆடுகளே முதலில் தின்றுவிடுகின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும். கூண்டுக்குச் செலவழித்த தொகையைக் கணக்கில் எழுதும்போது கை கூசுகிறது. இரண்டு ஆண்டுகள் பொறுத்தால் அம்மரமே ஆட்டுக்குத் தீவனம். மேய்ச்சல் புறம்போக்கை யார் வளைத்திருக்கிறார்கள் என்பதை நாம் இம்மேடையில் கூறப்போவதில்லை. ஊரார் அனைவருக்கும் தெரியும், மன்றத்தில் பேசுங்கள்.

அறுப்பு நடக்கும் இடத்தின் கழிவை நாய்க்கு எறியும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்டின் மூளையிலும் ஈரலிலும் உள்ள நீர்க்கட்டியைத் தின்ற நாயின் வயிற்றில் நாடாப்புழு வளர்கிறது; அந்நாயின் மலம் பட்ட புல்லைத் தின்ற ஆடு தலை சுற்றிச் சாகிறது. ஈரல் கட்டியிலிருந்து வரும் மற்றொரு வகை நம் குழந்தைகளின் ஈரலிலும் நுரையீரலிலுமே கட்டியாக வளரக்கூடியது. ஆழக் குழி தோண்டிப் புதைக்க ஒரு மணி நேரம் போதும். மருந்து புகட்டிய ஆட்டை, அம்மருந்துக்குக் குறித்த நாட்கள் கழியுமுன் கறிக்கு விற்காதீர்கள் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

ஊராட்சிக்கொரு தொங்கு தராசும், ஒரு வண்ண அட்டையும், ஒரு குறிப்பேடும் போதும் என்பது எங்கள் கணிப்பு. குறிப்பேட்டில் ஆடு, எடை, இமைப்படி, கொடுத்த மருந்து, கொடுத்த நாள் இவ்வளவுதான். எத்தனை ஆட்டுக்கு ஊற்றினோம் என்ற பத்தி அதில் இல்லை. எத்தனை ஆடு தையிலும் நின்றன என்ற பத்தி இருக்கிறது. எங்கள் அலுவலகப் பதிவேட்டிலும் அப்படியே மாற்றி வருகிறோம். மேலிருந்து கேட்கும் படிவத்தில் அப்பத்தி இன்னும் இல்லையாதலால் அதைத் தனித்தாளில் எழுதி இணைத்து அனுப்புகிறோம்.

வெளியே புளியமரத்தடியில் ஒன்பது ஆடுகள் கட்டியிருக்கின்றன. கால்நடை உதவி மருத்துவர் வந்திருக்கிறார். முன்னே கூறிய அம்மையாரும் வந்திருக்கிறார். இருவரும் இமையைத் திறந்து பார்க்கும் முறையைக் காட்டுவார்கள். ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு முறை செய்து பார்த்துச் செல்ல வேண்டும். புழுக்கை கொண்டு வந்திருப்போர் உறையின்மீது ஆட்டின் அடையாளத்தையும் ஊர்ப் பெயரையும் எழுதி, வெயில் ஏறுமுன் மேசையில் சேர்த்துவிடுக. இன்று கொண்டு வராதவர்கள் வரும் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் மருந்தகத்தில் கொடுக்கலாம்.